சண்முகையா காருக்கு வெளிச்சம் வந்த கதை

“எரியுதாட்டி?”

“இல்லப்பா.”

“இப்ப?”

“இப்பவும் இல்ல.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. கொஞ்சமாவது தெரியுதா?”

“மூக்கு ஒட்டப் பாத்துட்டேன்ப்பா. உள்ள ஒரு சிலந்தி இருக்கு. அதுதான் தெரியுது.”

சண்முகையா காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இன்றைக்குப் பொழுதடைய ஆள் வருகிறார். இந்தக் காரை விலைக்கு வாங்க வருகிறார். காருக்கு முன் விளக்கு இரண்டும் எரியாது என்கிற சங்கதி, காரின் சொந்தக்காரருக்கே இப்போதுதான் தெரிகிறது.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. யுத்தம் முடிந்து, சுயராஜ்யம் வந்து, அதன் பின்னாலேயே பஸ்ஸும் வந்த நாளிலிருந்து அவருடைய வாடகைக் காரைத் தேடி யாரும் வருவதில்லை. வாசுதேவநல்லூருக்கோ பனவடலிசத்திரத்துக்கோ போக வேண்டுமென்றால், சங்கரன்கோவில் ஜனங்கள் பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். பகலிலேயே சவாரி இல்லாத காருக்கு ராத்திரி விளக்கைப் போட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

ஆனால் எஞ்சின் இருக்கிறதே, அது தனி. தினமும் காலையில் முன்னால் கம்பியைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றுவார். ஒரே சுற்று, பிடித்துக்கொள்ளும். தையல் மிஷின் மாதிரி ஓடும். அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் சண்முகையா பல் விளக்கவே போவார்.

அப்படிப்பட்ட காரை அவர் விற்கத் துணிந்தது மகள் வள்ளித்தாய்க்காக. அவளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வாசுதேவநல்லூரில் வாத்தியார். பெண்ணுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவருக்கும் பெண்ணைப் பிடித்திருந்தது. அதோடு விட்டிருக்கலாம். நிச்சயதார்த்தத்தன்று சபை நிறைய ஆட்களைப் பார்த்ததும் சண்முகையாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “எம் மவளுக்கு ரெட்டைவடச் சங்கிலி போட்டுத்தான் அனுப்புவேன்!” என்று யாரும் கேட்காமலே அறிவித்துவிட்டார்.

அதைக் காதில் வாங்கிக்கொண்டவள் மாப்பிள்ளையின் அத்தை. அவள் இதே சங்கரன்கோவில்காரி. அவளுக்கும் கல்யாண வயசில் ஒரு பெண் இருந்தது. அன்றிலிருந்து “சங்கிலி செஞ்சாச்சா?” என்று பார்க்கிற இடத்திலெல்லாம் கேட்கிறாள். சங்கிலி வராவிட்டால் பந்தலிலேயே பேச்சைக் கிளப்பித் தன் பெண்ணை மணையில் உட்கார வைத்துவிடுவாள். அவளால் முடியும். கார் விற்றால்தான் சங்கிலி.

தரகர் இசக்கிப்பாண்டி நேற்றுதான் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

“திருவேங்கடத்துப் பக்கம் பெரிய சம்சாரி அண்ணாச்சி. வேல்சாமின்னு பேரு. கண்ணுக்கெட்டுன தூரம் கரிசக்காட்டு விவசாயம். அதிகம் பேச மாட்டாக. ‘நாளைக்குப் பொழுதடைய வாரேன், பிடிச்சிருந்தா கையோட கொண்டு போயிருதேன்’னு சொல்லிட்டாக.”

பொழுதடைய வந்து, கையோடு கொண்டுபோவது என்றால் என்ன? இருட்டில் திருவேங்கடம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. சண்முகையாவிடம் இருந்த மூளையே போதுமாக இருந்தது.

“லைட்டு எரியலைன்னு உள்ளதைச் சொல்லிருவோம்ப்பா. எஞ்சின்தான் நல்லா இருக்கே” என்றாள் வள்ளித்தாய்.

“ஏட்டி, குருட்டு மாட்டைச் சந்தைக்குக் கொண்டு போனா எவனாவது வாங்குவானா?”

அவர் இறங்கிவந்து எஞ்சின் மூடியைத் திறந்தார். கைக்கு அகப்பட்ட ஒயரையெல்லாம் இழுத்தார், தேய்த்தார், ஊதினார். கடைசியில் ஆத்திரம் தாங்காமல் இடது விளக்கின் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார். அது எரிந்தது! சண்முகையா திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். வலது விளக்குக்கும் ஒன்று வைத்தார். அதுவும் எரிந்தது.

ஆனால் எரிகிறதா இல்லையா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அடுக்களையிலிருந்து வந்த ஆறுமுகத்தாய் புருஷனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“எப்படி எரியும்? கண்ணாடிக்கு உள்ள கிண்ணம் மாதிரி இருக்குல்லா, அது கருத்துப்போய்க் கிடக்கு. குத்துவிளக்கை நான் வெள்ளிக்கிழமை தவறாமப் புளி போட்டுத் தேய்க்கேன். இந்த ரெண்டையும் வாங்குன நாள்லருந்து யாராவது தேச்சீகளா?”

சண்முகையா இருபத்தைந்து வருஷமாகக் கார் வைத்திருக்கிறார். இது அவருக்குத் தோன்றவே இல்லை.

கண்ணாடியைக் கழற்றி, கிண்ணம் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆறுமுகத்தாய் கிணற்றடிக்குப் போனாள். புளியும் சாம்பலும் போட்டுத் தென்னை நார் தேயும் வரை தேய்த்தாள். கொண்டுவந்தபோது இரண்டும் தங்கம் மாதிரி தகதகவென்று மின்னின. சண்முகையாவே பெருமையோடு மாட்டி, விளக்கைப் போட்டார்.

மஞ்சளரைத்த தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம் காருக்கு முன்னால் ஒரு சாண் தூரம் வந்து நின்றது.

“முன்னைக்கு இப்ப மோசம்ப்பா” என்றாள் வள்ளித்தாய்.

இனிமேல் தாங்காது என்று ஸ்டேஷன் ரோட்டிலிருந்து மெக்கானிக் சேக் மைதீனைக் கூட்டிவந்தார்கள். மைதீன் கண்ணாடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“யா அல்லா! அண்ணாச்சி, இது வெள்ளிப் பூச்சு! அம்புட்டையும் உரிச்சு எடுத்துட்டீகளே! வெறும் பித்தளைதான மிச்சம் இருக்கு!”

“வெள்ளியா?” ஆறுமுகத்தாய் அலறிவிட்டாள். “அம்புட்டும் வெள்ளியா? அய்யய்யோ, தேச்ச தண்ணியை வாழைமூட்டுல ஊத்திட்டேனே!” என்று கிணற்றடிக்கு ஓடினாள். அப்புறம் வெகுநேரம் வாழைமரத்தின் அடி மண்ணை முறத்தில் போட்டுச் சலித்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப என்ன செய்யவே?” என்றார் சண்முகையா.

“சிகரெட்டுப் பெட்டிக்குள்ள வெள்ளித்தாள் இருக்கும்லா, அதைப் பசை தடவி உள்ள ஒட்டிருவோம். பளபளன்னு இருக்கும். ஆனா நெறைய வேணும்.”

சண்முகையா வெற்றிலை பாக்குக்கூடப் போடாதவர். அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடை கடையாகக் கீழே கிடந்த சிகரெட்டுப் பெட்டிகளைப் பொறுக்கினார். மடி நிறையச் சேர்த்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே மாப்பிள்ளையின் அத்தை நின்றாள். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாள், நெற்றி நிறையத் திருநீறு.

“என்ன அண்ணாச்சி இது?” அவள் கண் அகலமாக விரிந்தது. “சங்கிலி செய்யப் போறேன்னீக. சிகரெட்டுப் பெட்டி பொறுக்குதீக?”

“இது… காருக்கு.”

“காரு சிகரெட்டுக் குடிக்குமா?”

சண்முகையா மடியைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தார். பின்னால் அவள் யாரிடமோ “நீங்களும் பாத்தீகள்லா?” என்று சாட்சி சேர்ப்பது கேட்டது.

வெள்ளித்தாள் ஒட்டியாயிற்று. மைதீன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஒயரை அணில் கடித்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். புது ஒயர் இழுத்து, அங்கங்கே முறுக்கி, துணியைச் சுற்றி முடித்தார்.

“இப்பப் போடுங்க அண்ணாச்சி.”

சண்முகையா முருகனை நினைத்துக்கொண்டு சுவிட்சைத் திருப்பினார்.

பாம்ம்ம்ம்ம்!

ஹாரன். அந்த ஹாரன் நாலு வருஷமாக அடித்ததில்லை. விட்டதற்கெல்லாம் சேர்த்து வைத்து இப்போது அடித்தது. எதிர்வீட்டில் தொட்டிலில் கிடந்த பிள்ளை வீரிட்டது. கார் நின்ற ஓலைக் கொட்டகைக்கு மேலிருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. வாழைமூட்டில் இருந்த ஆறுமுகத்தாய் முறத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

“நிப்பாட்டும்வே! நிப்பாட்டும்!” என்று சண்முகையா மைதீனைப் பார்த்துக் கத்தினார்.

சுவிட்சை அணைத்தால் ஹாரனும் நின்றது. போட்டால் மறுபடியும் பாம்ம்.

“இருட்டுல போகும்போது ஹாரனும் அடிச்சா நல்லதுதானே அண்ணாச்சி?” என்று மைதீன் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். சண்முகையா பார்த்த பார்வையில் அவரே போய் ஹாரன் ஒயரை வெட்டிவிட்டார்.

ஹாரன் போயிற்று, வெளிச்சம் வந்தது. முன்னைக்குப் பரவாயில்லை. ஆனாலும் ஒரு பத்தடிக்கு மேல் போகவில்லை.

“ஒயர்ல குத்தம் இல்ல. பேட்டரியில உசிரு இல்ல” என்றார் மைதீன். “இன்னொரு பேட்டரி கிடைச்சா ரெண்டையும் சேத்துக் கட்டிருவேன். ரெட்டை மாடு பூட்டுனா வண்டி எப்படிப் போகும்?”

அந்தத் தெருவுக்கு இன்னும் கரண்டு வரவில்லை. பேட்டரி இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். ரிட்டயர்டு வாத்தியார் சங்கரசுப்பிரமணியன் வீட்டில் ரேடியோவுக்கு வைத்திருந்தார். தெருவே அவரை ரேடியோ சார் என்றுதான் கூப்பிடும். வள்ளித்தாய் கல்யாணம் என்றதும் அவர் மறுக்கவில்லை. ஆனால் பேட்டரியைத் தனியாக அனுப்பவும் மனம் வரவில்லை. அதன் கூடவே வந்து, காரின் பின் ஸீட்டில் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“சாயந்திரம் நாதஸ்வரம் இருக்கு. அதுக்குள்ள குடுத்துரணும்” என்றார்.

மைதீன் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். கொட்டகையின் தட்டியை இறக்கி இருட்டாக்கினார்கள். “எஞ்சினும் ஓடட்டும், அப்பத்தான் முழு வெளிச்சம் தெரியும்” என்று மைதீன் கம்பியைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. சண்முகையா சுவிட்சைப் போட்டார்.

அடேயப்பா!

எதிர்ச்சுவர் பட்டப்பகல் மாதிரி வெளுத்தது. சுவரில் பல்லி ஓடியது தெரிந்தது. ரேடியோ சார் “சிவ சிவா” என்று எழுந்து கார் கூரையில் தலையை இடித்துக்கொண்டார். சண்முகையாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “வள்ளி, பாத்தியாட்டி! உஞ் சங்கிலியைப் பாத்தியா!” என்று கத்தினார்.

டப். டப்.

இரண்டு விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து அணைந்தன. எஞ்சின் ஒரு தடவை செருமியது. அப்புறம் நின்றுவிட்டது. மூடிக்குள்ளிருந்து பொசுங்கிய வாடையோடு புகை எழும்பியது.

மைதீன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வெளியே தலையை எடுக்கவே இல்லை. உள்ளேயிருந்தே பேசினார்.

“பல்பு போனதைப் பத்திக் கவலைப்படாதீக அண்ணாச்சி. எங் கடையில லாரி பல்பு ரெண்டு கிடக்கு. அதுக்கு ரெட்டைப் பேட்டரிதான் சரியான தோது. ஆனா…”

“ஆனா?”

“எஞ்சினுக்குப் பொறி குடுக்குற காயில் கருகிட்டு. மதுரையிலருந்துதான் வரணும். இன்னைக்கு எஞ்சின் ஓடாது.”

காரைவிட்டு இறங்கிய சண்முகையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் தையல் மிஷின் மாதிரி ஓடிய எஞ்சின்!

“காயில் மட்டுந்தானப்பா போச்சு?” வள்ளித்தாய் பக்கத்தில் வந்து குனிந்தாள். “நல்ல எஞ்சின், இன்னைக்குக் காலைலகூட ஓடிச்சு, லைட்டு பாக்கப் போயி காயில் எரிஞ்சிட்டுன்னு சொல்லிருவோம். அவுகளுக்கு எல்லாம் புரியும்.”

“இருபத்தஞ்சு வருஷம் கார் ஓட்டுனவன், வாங்க வாற அன்னைக்கு நானே எரிச்சுட்டேன்னு சொல்லச் சொல்லுதியா? வாயால சிரிக்க மாட்டாக!” அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “ஏட்டி, எஞ்சின் உள்ள இருக்கிறது. அதை யாரு பாக்கா? லைட்டு வெளிய இருக்கிறது. ஊரே பாக்கும். வே மைதீன், லாரி பல்பைக் கொண்டாரும்!”

லாரி பல்பு மாட்டிய பிறகு வெளிச்சம் நிலையாக நின்றது. வெடிக்கவில்லை, மங்கவில்லை. ரேடியோ சார் மட்டும் “நாதஸ்வரம் போச்சு” என்று சொல்லிக்கொண்டு பின் ஸீட்டிலேயே இருந்தார். பேட்டரியை விட்டு அவர் இறங்குவதாக இல்லை.

காரைக் கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டுவந்து தெருவைப் பார்க்க நிறுத்தினார்கள். பொழுதடைந்தது. தெருமுனையில் சலங்கைச் சத்தம் கேட்டது.

வேல்சாமி இரட்டை மாட்டு வண்டியில் வந்தார். கறுத்த, ஒல்லியான மனிதர். தலையில் துண்டு. வண்டிக்காரன் சங்கரபாண்டி மாட்டை அவிழ்த்தான். வண்டி நிறைய வைக்கோல் பரப்பி, மேலே தாம்புக்கயிறு சுருள் சுருளாகக் கிடந்தது. வரும்போது வண்டி, போகும்போது கார் என்று நினைத்துக்கொண்டார் சண்முகையா. அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

“வாங்க, வாங்க. அங்கன நில்லுங்க. முன்னால வராதீக, கண்ணு கூசும்” என்றார். “போடும்வே மைதீன்!”

வெளிச்சம் தெரு முழுக்கப் பாய்ந்தது. அவிழ்த்துவிட்ட மாடு இரண்டும் மிரண்டு பின்வாங்கின. வாசல் வாசலாக ஆட்கள் வந்து நின்றார்கள். “ஏ யம்மா!” என்று ஒருத்தி நெஞ்சில் கை வைத்தாள். அந்தக் கூட்டத்துக்குள் மாப்பிள்ளையின் அத்தையும் இருந்தாள். அவள் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றாள். அதைப் பார்த்த சண்முகையாவுக்கு, மகள் கழுத்தில் சங்கிலி ஏறிவிட்டது போலவே இருந்தது.

வேல்சாமி கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். “எஞ்சினைக் கொஞ்சம் ஓட விடுங்களேன்.”

“ஓட விடலாம். அதுக்கு முன்னால லைட்டைக் கிட்ட வந்து பாருங்க. சுத்தமான வெள்ளி மாதிரி இருக்கும் உள்ள.”

வேல்சாமி கிட்ட வந்தார். விளக்கைப் பார்க்கவில்லை. மூடிமேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

“எஞ்சின் நல்லா ஓடும்னு தரகர் சொன்னாரே. ஒரு சுத்துல பிடிக்கும்னு சொன்னாரு.”

“பிடிக்கும், பிடிக்கும். இந்த வெளிச்சம் இருக்கே, இது திருவேங்கடம் வரைக்கும்…”

“கம்பியைப் போட்டுச் சுத்துங்க அண்ணாச்சி. சத்தத்தைக் கேட்டுக்கிடுதேன்.”

மூன்றாவது தடவை கேட்டுவிட்டார். தப்பிக்க வழியில்லை. சண்முகையா மைதீனைப் பார்த்தார். மைதீன் தரையைப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து வள்ளித்தாய் “அப்பா, காயில் சங்கதியைச் சொல்லிருங்க” என்று கிசுகிசுத்தாள்.

“சும்மா இருட்டி!” என்று அதட்டிவிட்டு, சண்முகையா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் தன் கையாலேயே எரித்த கதையைச் சொல்வதா?

“ஒளிக்காமச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. இந்த எஞ்சின் இருக்கே, இது கெழட்டு எஞ்சின். செத்த எஞ்சின்னே வச்சுக்கிடுங்களேன். இன்னைக்கு ஓடாது, நாளைக்கும் ஓடும்னு நான் சொல்ல மாட்டேன்.”

வேல்சாமியின் கை மூடியைவிட்டு இறங்கியது. முகம் வாடிப்போய்விட்டது.

“ஓடவே ஓடாதா?” என்றார் அதிர்ந்துபோய்.

“ஓடாது! ஆனா எஞ்சின் என்ன பெரிய எஞ்சின்? கழத்திப் போட்டுட்டு வேற ஒண்ணை மாட்டிக்கிட்டாப் போச்சு. ஒரு காருக்கு முக்கியம் லைட்டு. அதைப் பாருங்க! சும்மா பாருங்க!”

வண்டியிலிருந்து தாம்புக்கயிற்றையெல்லாம் தோளில் அள்ளிக்கொண்டு அப்போதுதான் பக்கத்தில் வந்த சங்கரபாண்டி, முதலாளி முகத்தையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அப்பக் கயித்தை வண்டியில திரும்பப் போட்டுரட்டுமா மொதலாளி? எஞ்சினை மட்டும் கழத்தி ஏத்திக்கிட்டுப் போயி, கெணத்து மேட்டுல வச்சுத் தண்ணி எறைக்கத்தானே வந்தோம், இந்த லைட்டைக் கொண்டு போயி என்ன செய்ய?”